அந்த ஒரு இடம்: பேய்ப்படம் எடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குறும்படத்தை நேற்று இரவு இரண்டு முறை பார்த்தேன். கூடவே நீ எழுதியிருந்ததையும் இரண்டு முறை படித்தேன். "அக்கா, நீங்க சொன்னீங்களேன்னு ரிங்கு பார்த்தேன். ரொம்ப மெதுவா போகுது. கடைசில ஒரே ஒரு இடத்துலதான் பயமா இருந்துச்சு. என் படத்துல மூணு இடம் இருக்கு, பாருங்க."

பார்த்தேன். மூன்று இடத்திலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அது உண்மை. ஆனால் படம் முடிந்து விளக்கை அணைத்த ஐந்தாவது நிமிடம் தூங்கிப்போனேன். ரிங்கு என்கிற அந்த ஜப்பானியப் பேய்ப்படத்தைப் பார்த்த இரவு எனக்கு அப்படி அமையவில்லை. உனக்குத் தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். முதல் பேய்ப்படத்தோடு மல்லுக்கட்டுகிற இன்னும் நாலு பேருக்கு உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். ரிங்குவின் முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

திடுக்கிடுவது உடம்பின் வேலை. பின்னாலிருந்து பெரிய சத்தம் கேட்டால் யோசிப்பதற்கு முன்பே இமை மூடிக்கொள்கிறது, தோள் தூக்கிக்கொள்கிறது. அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு பழகிவிடும். உன் படத்தில் மூன்றாவது முறை நான் துள்ளியது முதல் முறையில் பாதிகூட இருக்காது. இந்த உத்தி ஒன்றும் புதிதில்லை. 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போவாள். பின்னால் இன்னொரு காலடிச் சத்தம் வரும், அப்புறம் அது நின்றுவிடும். அவள் வேகத்தைக் கூட்டுவாள். சட்டென்று ஒரு சீறல், பேருந்து ஒன்று குறுக்கே வந்து நிற்கும். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் சினிமாக்காரர்கள் இன்றும் இதை 'லூட்டன் பஸ்' என்கிறார்கள். அந்தப் பேருந்து வருவதற்கு முன்னால் அவள் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று பார். நீ பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டாய், அந்த நடையை விட்டுவிட்டாய்.

சரி, ரிங்குவுக்கு வருகிறேன். கோஜி சுசுகி 1991-இல் எழுதிய நாவலை வைத்து ஹிடியோ நகாடா இயக்கி 1998-இல் ஜப்பானில் வெளியான படம். ஒரு வீடியோ கேசட், அதைப் பார்த்தவர்களுக்குப் போன் வரும், ஏழு நாளில் சாவு. இவ்வளவுதான் சரக்கு. இதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நம்மை உட்கார வைக்கிறார்கள்.

நீ மெதுவாகப் போகிறது என்றாய். முதல் காட்சியை மறுபடி போட்டுப் பார், தயவுசெய்து. இரண்டு பள்ளிப் பெண்கள் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார்கள். ஒருத்தி அந்த கேசட்டைப் பற்றிய வதந்தியைக் கதையாகச் சொல்கிறாள். மற்றவள் முகம் மாறுகிறது, ஏனென்றால் அவள் அப்படி ஒன்றைப் போன வாரம்தான் பார்த்திருக்கிறாள். விளையாட்டும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருக்கும்போது போன் அடிக்கிறது. இருவரும் உறைந்துபோகிறார்கள். எடுத்தால், வீட்டுக்கு வர நேரமாகும் என்று சொல்லும் பெற்றோர். அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். தோழி அங்கிருந்து எழுந்து போகிறாள். இவள் சமையலறையில் இருக்கும்போது பக்கத்து அறையில் டிவி தானாக ஓட ஆரம்பிக்கிறது. திரையில் பேஸ்பால் ஆட்டம். போய் அணைத்துவிட்டுத் திரும்பி வருகிறாள். அப்புறம் மெல்லத் தலையைத் திருப்புகிறாள். அவள் எதைப் பார்த்தாள் என்று நமக்குக் காட்டவில்லை. அவள் முகம் மட்டும் அப்படியே உறைந்து, நெகட்டிவ் மாதிரி நிறம் மாறி, அதோடு காட்சி முடிகிறது.

இதில் என்னை வாய்பிளக்க வைத்தது, படத்தின் கடைசிக் காட்சிக்கான ஒத்திகை இங்கேயே நடந்துவிடுகிறது என்பது. முதலில் பயம், பிறகு நிம்மதி, அந்த நிம்மதி நன்றாக ஊறிய பிறகு டிவி. படம் தன் வழிமுறையை நமக்கு வெளிப்படையாகவே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அப்படியிருந்தும் ஒன்றரை மணி நேரம் கழித்து அதே வலையில் போய் விழுகிறோம்.

நடுவில் நடப்பதெல்லாம் சேமிப்பு. கேசட்டைப் பார்த்தவர்களைப் புகைப்படம் எடுத்தால் முகம் மட்டும் கலங்கித் தெரிகிறது. பத்திரிகையாளர் ரெய்கோ, தன்னையே ஒரு படம் எடுத்து அதைக் கையில் வாங்கிப் பார்க்கிற இடத்தில் வசனம்கூடத் தேவைப்படவில்லை. தேதியும் கிழமையும் திரையில் எழுத்தாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறை வரும்போதும் நாம் விரல் மடக்கி எண்ணுகிறோம். அந்தக் கேசட்டையும் நாம் பார்த்தாகிவிட்டது, மறந்துவிடாதே. கண்ணாடி முன்னால் தலைவாரும் பெண், திரையில் புழுவாய் நெளியும் எழுத்துகள், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு எங்கோ கைகாட்டி நிற்கும் ஓர் உருவம், ஒரு கண், கடைசியில் வெட்டவெளியில் ஒரு கிணறு. எதற்கும் எதற்கும் சம்பந்தமில்லை. கனவை விழித்த பிறகு நினைத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. ரெய்கோவோடு சேர்ந்து நாமும் பார்த்துவிட்டோம். அவளுக்கு ஏழு நாள் என்றால் நமக்கு எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கிணறும் சும்மா வந்ததில்லை. ஜப்பானியர்களிடம் ஒகிகு என்ற வேலைக்காரப் பெண்ணின் பழைய பேய்க்கதை ஒன்று உண்டு. பத்துத் தட்டுகளில் ஒன்று காணாமல்போன பழிக்கு அவள் கிணற்றில் செத்துப்போகிறாள். இரவானால் உள்ளேயிருந்து ஒன்று, இரண்டு என்று தட்டுகளை எண்ணும் குரல் வரும், ஒன்பதோடு நின்றுவிடும். வெள்ளை உடையும் விரித்த கூந்தலும்கூட அவர்களுடைய பழைய பேய் ஓவியங்களிலிருந்து வருவதுதான். நகாடா அந்தப் பழைய பயத்தை எடுத்து, வீட்டுக்கு வீடு இருந்த ஒரு பெட்டிக்குள் வைத்தார்.

குறையே இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். ரெய்கோவின் முன்னாள் கணவன் ரியூஜிக்குத் தொட்டாலே பழையது தெரிகிற சக்தி இருக்கிறது. துப்பு கிடைக்காத இடத்திலெல்லாம் அந்த சக்தி வந்து கைகொடுக்கிறது. கதையை அவசரமாக நகர்த்தத்தான் அது பயன்படுகிறது, அந்த இடங்களில் எனக்குப் பயம் குறைந்தது. விளக்கம் கூடக் கூட பயம் வடியும். இதற்குப் பெரிய சாட்சியே இருக்கிறது. ரிங்கு வெளியான அதே நாளில் அதன் தொடர்ச்சியாக 'ராசென்' என்று இன்னொரு படத்தையும் வெளியிட்டார்கள். அது சாபத்துக்கு வைரஸ், மரபணு என்று அறிவியல் காரணம் சொன்ன படம். அது எடுபடவில்லை. மறு வருடமே அதைக் கணக்கில் எடுக்காமல் 'ரிங்கு 2' என்று வேறொரு தொடர்ச்சியை எடுத்தார்கள்.

இனி, நீ பயந்த அந்த ஒரு இடம்.

ரெய்கோ கிணற்றுக்குள் இறங்கி, சேற்றுத் தண்ணீரில் தேடி, அந்தச் சாபத்துக்குக் காரணமான, கிணற்றில் செத்துப்போன சதாகோ என்ற பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டுபிடிக்கிறாள். அருவருப்பில்லாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். அவளுக்குக் கொடுத்த கெடு தாண்டிவிட்டது, அவள் சாகவில்லை. நமக்கே கண் கலங்குகிறது. பாவம் அந்தப் பெண், இனியாவது அமைதி கிடைக்கட்டும் என்று நினைக்கிறோம். எத்தனையோ பேய்க்கதைகள் இங்கேதான் முடியும், ஆத்மா சாந்தியடையும். மறுநாள். ரெய்கோவுக்குப் பிறகு அந்தக் கேசட்டைப் பார்த்திருந்த ரியூஜி தன் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். டிவி தானாக ஓட ஆரம்பிக்கிறது. திரையில் அந்தக் கிணறு.

முன்பு வெறுமையாக இருந்த கிணற்றிலிருந்து ஒரு கை மேலே வருகிறது. அவள் ஏறி வெளியே வருகிறாள், நடக்கிறாள். அந்த நடையைக் கவனித்தாயா? ரியே இனோ என்ற நடிகையைப் பின்பக்கமாக நடக்கவிட்டுப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். முன்னால்தான் வருகிறாள், ஆனால் பாதம் ஊன்றுகிற விதமும் தோள் இழுபடுகிற விதமும் மனித உடம்புக்கு ஒட்டாமல் இருக்கின்றன. என்ன தப்பு என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. ஏதோ தப்பு என்று மட்டும் வயிற்றுக்குத் தெரிகிறது. திரையின் ஓரம் வரைக்கும் வருகிறாள். டிவிக்குள் இருக்கிற படம் டிவியோடு நிற்கும் என்பது நாம் யோசிக்காமலே நம்பிவைத்திருக்கிற ஒன்று. அவள் அதைத் தாண்டித் தரையில் கை வைக்கிறாள். முகம் கடைசிவரை தெரிவதில்லை. கூந்தலுக்கு நடுவே ஒரே ஒரு கண்.

இதை மட்டும் வெட்டி எடுத்து யாருக்காவது காட்டிப் பார். ஒரு பெண் டிவியிலிருந்து தவழ்ந்து வருகிறாள், அவ்வளவுதான், பயப்படமாட்டார்கள். நீ பயந்தாய், ஏனென்றால் மெதுவாகப் போகிறது என்று நீ சொன்ன அந்த ஒன்றரை மணி நேரம் உனக்குள் சேர்ந்திருந்தது.

நான் அதைப் பழைய பெட்டி டிவியில், இரவில், தனியாகப் பார்த்தேன். முடிந்ததும் அணைத்தேன். அணைத்த திரையில் என் அறை முழுக்கத் தெரிந்தது. கட்டில், பாதி திறந்த கதவு, நடுவில் ரிமோட்டோடு நான். எனக்குப் பின்னால் இருந்த கதவையே அந்தக் கறுத்த கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு டிவி மேல் ஒரு போர்வையைப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். அதற்கப்புறம் பல நாள், டிவியை அணைத்த கையோடு அறையை விட்டு வெளியே போய்விடுவேன். அந்த இரவை எனக்குக் கொடுத்ததற்காக அந்தப் படத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் நன்றி உண்டு.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தான் ஏன் பிழைத்தோம் என்று ரெய்கோவுக்குக் கடைசியில் புரிகிறது. அவள் கேசட்டை நகல் எடுத்து இன்னொருவருக்குக் காட்டியிருந்தாள். எலும்பை எடுத்ததற்கும் பிழைத்ததற்கும் தொடர்பே இல்லை. அவள் மகனும் அந்தக் கேசட்டைப் பார்த்திருக்கிறான். அவனைக் காப்பாற்ற வேண்டுமானால் அவன் வேறு யாருக்காவது காட்ட வேண்டும். வீடியோ பிளேயரை வண்டியில் வைத்துக்கொண்டு தன் அப்பாவைத் தேடிப் போகிறாள். நாவலில் இந்தப் பாத்திரம் ஓர் ஆண். திரைக்கதையில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயாக மாற்றினார்கள். அந்த மாற்றத்தின் முழுக் கனமும் இந்த இடத்தில்தான் இறங்குகிறது. திரையில் பேயே இல்லை, ஒரு தாய் வண்டி ஓட்டுகிறாள், நமக்கு நெஞ்சு அடைக்கிறது.

இப்போது உன் படம். உன்னிடம் அந்த மாதிரி ஒன்று இருக்கிறது, நீயே அதைக் கவனிக்கவில்லை. நாலாவது நிமிடம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. கழற்றிவிட்டுப் படுத்தவளுடைய செருப்பு, முனை வெளிப்பக்கம் பார்த்திருக்கிறது. ஏழாவது நிமிடம் அதே இடத்தில் அதே செருப்பு, முனை கட்டிலைப் பார்த்திருக்கிறது. யாரோ அதைப் போட்டுக்கொண்டு, தூங்குகிறவளைப் பார்த்தபடி நிற்பது மாதிரி. இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் எனக்கு அது தெரிந்தது, கை சில்லிட்டுவிட்டது. ஆனால் நீ அதை இரண்டு விநாடிகூட விடவில்லை. உடனே கண்ணாடியில் முகம், உடனே அந்த அலறல் சத்தம். நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடிக்கும் முன்னாலேயே எங்கள் தலையில் தட்டிவிட்டாய்.

ஒரு வேலை செய். கண்ணாடிக் காட்சியை எடுத்துவிடு. ஏழாவது நிமிடத்தில் பின்னணி இசையை முழுக்க நிறுத்து, ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் இருக்கட்டும். செருப்பின் மேல் எட்டு விநாடி கேமராவை நகர்த்தாமல் வை. நடிக்கிற பெண்ணை எழுப்பாதே, அவள் தூங்கட்டும். நாலாவது நிமிடத்திலும் அதே செருப்பை இன்னும் ஒரு விநாடி கூட்டிக் காட்டு, அப்போதுதான் எங்களுக்கு நினைவிருக்கும். வெட்டி முடித்ததும் அனுப்பு. இரவில்தான் பார்ப்பேன், விளக்கை அணைத்துவிட்டு. மறுநாள் காலையில் எப்படித் தூங்கினேன் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா