முள்ளோடை குவார்ட்டர்

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்தபோது, 'உங்களை மாதிரி ஒரு டிரைவர் கதைதான், பாருங்கள்' என்று போனில் ஏற்றிவைத்துவிட்டுப் போனாயே, அந்த 'ஃபிளைட்' படத்தை மூன்று ராத்திரியாகப் பார்த்து முடித்தேன். ஆங்கிலம் பாதி பிடிபடவில்லை. ஆனால் குடிகார விமானியாக வரும் டென்சல் வாஷிங்டன் பாட்டிலைப் பார்க்கிற பார்வை நன்றாகவே புரிந்தது.

விமானத்தைத் தலைகீழாகப் புரட்டுகிறானே, அதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது அதற்கு முன்னால். மைக்கில் பயணிகளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே, மறைவில் ஆரஞ்சு சாற்றில் ஓட்காவைக் கலக்கிறான். கண் பார்க்காமலே கை வேலை செய்கிறது. பழகிய கை, பாப்பா.

விமானத்தில் இருந்த 102 பேரில் ஆறு பேர்தான் சாகிறார்கள். கோளாறும் இயந்திரத்தில்தான். அவனுக்குக் கேடு அங்கேதான் பிடித்தது. குடித்தும் காப்பாற்றினேனே என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? நானும் 19 வருஷம் கடலூர் – புதுச்சேரி பஸ் ஓட்டினேன், ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை என்று உன் அம்மாவிடம் எத்தனை முறை வாயடித்திருப்பேன்!

நம் நாட்டு விமானி பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மதுவைத் தொடக்கூடாது, ஊதிக் காட்ட வேண்டும் என்று சொன்னாய். எங்களை ஊதச் சொன்னவர் யாருமில்லை. புதுச்சேரி எல்லையில் முள்ளோடையில் குவார்ட்டர், வாயில் நாலு ஏலக்காய், அவ்வளவுதான். கடலூருக்குள் நுழையும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பாட்டில் இருக்கிறதா என்று பயணிகளின் பையைத் துழாவுவார்கள். டிரைவர் வயிற்றை யார் துழாவுவது?

கடைசியில் சிறையில் அவன் பேசுவது கொஞ்சம் நீளம். ஆனால் அந்த விசாரணை! குப்பையில் கிடந்த இரண்டு ஓட்கா பாட்டில்களைச் செத்துப்போன பணிப்பெண் தலையில் கட்டிவிட்டால் தப்பிவிடலாம். தலையை ஆட்டினால் போதும். அவனால் முடியவில்லை, நான்தான் குடித்தேன் என்று சொல்லிவிடுகிறான்.

என்னால் முடிந்தது, பாப்பா. 1998-இல் ஒரு நாள் பஸ்ஸைக் கழுவும்போது பின்சீட்டுக்கு அடியில் இரண்டு காலி பாட்டில்கள் உருண்டு வந்தன. முதலாளி யாருடையது என்று கேட்டார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றேன். டிரைவர் குடித்தால் வண்டி ஓடாது, கண்டக்டர் குடித்தால் ஓடும் என்பது முதலாளியின் கணக்கு போலும். அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டார். வெற்றிலைகூடப் போடாத மனிதர். உனக்குக் கமர்கட்டு வாங்கிவருவாரே, அவர்தான்.

இப்போது பாகூரில் மகன் வீட்டில் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போகிறேன். என்ன சொல்லித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அம்மாவிடம் நீ எதுவும் சொல்லாதே. போய்வந்து நானே சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா