ஹார்ப்பர்ஸ் ஃபெரி பயணம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு நம் தமிழ்ப் பள்ளியின் சுற்றுலா ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கு என்று முடிவாகிவிட்டது. செப்டம்பர் மாதம், இரண்டாவது சனிக்கிழமை. அன்றைக்கு வழக்கமான வகுப்பு கிடையாது.

வாஷிங்டனிலிருந்து 60 மைல் சொச்சம், மேற்கு வர்ஜீனியாவின் கிழக்கு முனையில் இருக்கிற சின்ன மலையூர். போட்டோமாக் ஆறும் ஷெனண்டோவா ஆறும் அங்கேதான் ஒன்று சேர்கின்றன. கூடுதுறையில் நின்று பார்த்தால் எதிரே ஒரு பக்கம் மேரிலாந்து மலை, இன்னொரு பக்கம் வர்ஜீனியா மலை, இரண்டுக்கும் நடுவே ஆறு வழி பிளந்துகொண்டு போகும். தாமஸ் ஜெஃபர்சன் 1783இல் இங்கே வந்து ஒரு பாறை மேல் நின்று பார்த்துவிட்டு, இந்தக் காட்சிக்காகவே அட்லாண்டிக்கைக் கடந்து வரலாம் என்று எழுதிவைத்தார். அந்தப் பாறை இன்றும் இருக்கிறது, போகிற வழியில்தான் பார்ப்போம். ஆனால் அதன் மேல் ஏற அனுமதி இல்லை, பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அறிவிப்பு போனதிலிருந்து உங்களில் பலர் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். ஒன்று, நேராக ஆற்றுக்கே போய்விடலாமே, ஊரைச் சுற்றுவதில் பாதி நாள் போய்விடாதா என்பது. இன்னொன்று, தமிழ்ப் பள்ளியில் அமெரிக்க வரலாறு எதற்கு, அதைத்தான் வார நாள் பள்ளியில் படிக்கிறார்களே என்பது. இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: காலையில் ஊர், மதியத்துக்கு மேல் ஆறு. இதில் மாற்றம் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆற்று நீரின் விசையில் இயந்திரங்களை ஓட்டலாம் என்பதால் இந்த ஊரில் அரசாங்கத்தின் ஆயுதத் தொழிற்சாலை அமைந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் தேர்ந்தெடுத்த இடம். 1859 அக்டோபர் 16ஆம் தேதி இரவு ஜான் பிரவுன் என்பவர் 18 பேருடன் வந்து அந்தத் தொழிற்சாலையைப் பிடித்தார். அங்கே இருந்த துப்பாக்கிகளை எடுத்து அடிமைகளாக இருந்த மக்களிடம் கொடுத்துக் கிளர்ச்சியைத் தொடங்குவது அவர் திட்டம். இரண்டு நாள்கூட நிற்கவில்லை. ராபர்ட் லீ தலைமையில் வந்த மரைன் படை வீரர்கள் 18ஆம் தேதி காலையில் அவரைப் பிடித்தார்கள், டிசம்பர் 2ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். ஒன்றரை ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. இவ்வளவும் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, சரி.

புத்தகத்தில் பெரும்பாலும் இல்லாதது டேஞ்சர்ஃபீல்ட் நியூபியின் கதை. பிரவுனோடு வந்த கறுப்பினத்தவர்களில் ஒருவர். அவர் விடுதலை பெற்றவர், ஆனால் மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் வர்ஜீனியாவில் இன்னொருவரின் உடைமையாக இருந்தார்கள். எப்படியாவது பணம் சேர்த்து வந்து என்னை வாங்கிக்கொள், இல்லாவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று மனைவி கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். தாக்குதலில் பிரவுன் பக்கம் முதலில் உயிரிழந்தவர் நியூபிதான், அந்தக் கடிதங்கள் அவர் உடலில் கிடைத்தன. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்: அந்த இரவு தாக்க வந்தவர்களின் குண்டுக்கு முதலில் பலியானவர் ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய, அடிமையாக இல்லாத ஒரு கறுப்பினத்தவர். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாத கதை இது. பெரிய வகுப்புப் பிள்ளைகளால் இதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்று நம்புகிறேன். சிறியவர்களுக்கு எவ்வளவு சொல்வது என்பதை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பிரவுன் கடைசியாகப் பதுங்கியிருந்த தீயணைப்பு வண்டிக் கொட்டகை இன்றும் நிற்கிறது, ஆனால் அதே இடத்தில் அல்ல. அதைச் செங்கல் செங்கலாகப் பிரித்து 1893 சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டு போனார்கள், திரும்பக் கொண்டுவந்து ஒரு பண்ணையில் வைத்தார்கள், அப்புறம் ஸ்டோரர் கல்லூரி வளாகத்தில், கடைசியில் 1968இல் ஊருக்குள். ஸ்டோரர் என்பது போருக்குப் பின் 1867இல், விடுதலை பெற்ற மக்களுக்காக அதே ஊர் மேட்டில் தொடங்கிய பள்ளி. 1906 ஆகஸ்டில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய டுபாய்ஸும் அவருடைய நயாகரா இயக்கத்தாரும் அங்கே கூடியபோது, கொட்டகை பண்ணையில் இருந்தது. விடியற்காலையில் அதுவரை நடந்து போனார்கள், அங்கே போனதும் காலணியைக் கழற்றினார்கள். அது ஏன் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் ஊரைப் பார்க்காமல் ஆற்றில் மட்டும் மிதந்துவிட்டு வருவதில் எனக்குச் சம்மதமில்லை. தமிழைப் பொறுத்தவரை, இந்த முறை பயணக் கட்டுரை எழுதச் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊரில் ஓர் இடம் கொடுப்போம். அந்த இடம் வந்ததும் அந்தப் பிள்ளை நின்று, கூட வந்திருக்கிற தாத்தா பாட்டிகளுக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டும். பேப்பர் பார்க்கக் கூடாது. நடுவில் தாத்தா கேள்வி கேட்பார், பதில் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து உங்கள் அப்பா அம்மா வந்திருந்தால் கட்டாயம் அழைத்து வாருங்கள், அவர்களுக்காகவே இந்த ஏற்பாடு. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட, உண்மையிலேயே கேட்க ஆசைப்படுகிற ஒருவர் எதிரே நின்றால் எவ்வளவு பேசுகிறார்கள் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இனி ஆறு. இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

கீழ்த்தெருவில் ஒரு கட்டடச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டு வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1889, 1924, 1936, 1942, 1972, 1985, 1996 என்று போகும். 1936 மார்ச் வெள்ளம் 36.5 அடி. பிள்ளையை அந்தச் சுவரோரம் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், ஆற்றைப் பற்றி நான் பத்து நிமிடம் பேசுவதை விட அது நன்றாகப் புரியும். வெள்ளம் இல்லாத நாளிலும் அந்த ஆறு ஏமாற்றும். மேலே தண்ணீர் சாதுவாகத் தெரியும், அடியில் வரிசை வரிசையாகப் பாறைத் திட்டுகள். ஓட்டத்தில் எழுந்து நிற்கப் பார்த்தால் கால் பாறை இடுக்கில் சிக்கும், பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும், முழங்கால் ஆழத்தில்கூட ஆள் கவிழ்ந்துவிடுவார். குளத்தில் நன்றாக நீந்துகிற பிள்ளை என்பது இங்கே உதவாது. மிதவையிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்கவே கூடாது. மல்லாந்து, காலை ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாதத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, ஆழமில்லாத மெதுவான இடம் வரும்வரை மிதந்து போக வேண்டும். வீட்டுத் தரையில் படுக்க வைத்து ஒரு தடவை பழக்கிவிடுங்கள்.

ஆகவே நம் விதிகள்: டியூபிங் (காற்றடைத்த வளையத்தில் மிதந்து போவது) அமைதியான பகுதியில் மட்டும், வழிகாட்டிகளோடு. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆற்றில் இறங்கப் போவதில்லை. மற்றவர்களுடன் பெற்றோரில் ஒருவர் கூடவே தண்ணீரில் இருக்க வேண்டும், கரையிலிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்பது சரிவராது. பெரியவர்கள் உட்பட எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். மிதவைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டக் கூடாது, கயிறு பாறையில் மாட்டும். காலில் பட்டி உள்ள, கழன்று போகாத காலணி. படம் எடுக்கக் கூடுதுறையில் ‘சும்மா கால் நனைக்கிறேன்’ என்று யாரும் இறங்க வேண்டாம், பெரியவர்களைத்தான் சொல்கிறேன்.

வானம் தெளிவாக இருந்தும் நான் டியூபிங்கை ரத்து செய்யலாம். ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் இரண்டு நாள் முன்பு பெய்த மழை அன்றைக்கு இங்கே வந்து சேரும். ஆற்று மட்டம் இணையத்தில் தினமும் வெளியாகிறது, முந்தின நாள் மாலை பார்த்துவிட்டுச் செய்தி அனுப்புவேன். அதற்கு மேல் விவாதம் வேண்டாம், பணம் திரும்ப வராவிட்டாலும்.

ஆற்றுக்குப் போகாதவர்களுக்கு நடை இருக்கிறது. ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலத்தில் போட்டோமாக்கைக் கடந்தால் மேரிலாந்து. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியே போகும் அப்பலாச்சியன் நடைபாதை இந்தப் பாலத்தின் மேல்தான் போகிறது, பெரிய மூட்டையோடு யாராவது வந்தால் பிள்ளைகளைப் பேசவிடுங்கள், மாதக்கணக்காக நடப்பவராக இருக்கலாம். பாலத்தைத் தாண்டிச் சுழல் படியில் இறங்கினால் பழைய கால்வாய்க் கரைப் பாதை, சமதரை, நிழல், முழங்கால் வலி உள்ளவர்களும் நடக்கலாம். ஆனால் அந்தப் படியில் தள்ளுவண்டி இறக்குவது கஷ்டம், கைக்குழந்தைக்குத் தோள் தூளி கொண்டு வாருங்கள். 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் மேரிலாந்து ஹைட்ஸ் மலை ஏறலாம், போகவர நாலரை மைல் அளவில், ஏற்றம் செங்குத்து. மேலே பாறை விளிம்பில் கம்பி வேலி கிடையாது, அதனால் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கிடைத்தால்தான் அந்தக் குழு கிளம்பும்.

வீடு திரும்பியதும் குளிக்கும்போது உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும், லைம் நோய் பெரும்பாலும் அதனால்தான் பரவுகிறது.

வண்டிகளை ஹார்ப்பர்ஸ் ஃபெரி தேசிய வரலாற்றுப் பூங்காவின் மேல் வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஷட்டில் பேருந்தில் ஊருக்குள் இறங்குவோம், கீழே நிறுத்த இடம் கிடைக்காது. நுழைவுக் கட்டணம் காருக்கு ஒன்று என்பதால் சேர்ந்து வாருங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் இலவசப் பூங்கா அனுமதிச் சீட்டு வாங்கலாம், இணையத்தில் பதிந்து கையோடு கொண்டு வாருங்கள். சாப்பாடு அவரவர் டப்பாவில், தூக்கியெறியும் தட்டு வேண்டாம், குப்பை நம்மோடு திரும்பி வர வேண்டும்.

ஒப்புதல் படிவம் வரும் சனிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் வந்துவிட வேண்டும். அதில் பிள்ளையின் இப்போதைய எடையைச் சரியாக எழுதுங்கள், போன வருடத்து எடை வேண்டாம். லைஃப் ஜாக்கெட் எடையை வைத்துத்தான் எடுக்கிறோம். பெரிதாக இருந்தால் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கும்போது முகத்துக்கு மேலே ஏறிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றுக்கு அனுப்புவேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்