வரி குறைந்தது வலைக்கு அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். பாம்பனில் வலை, கயிறு, ஈயக்குண்டு விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரசாயனப் பொருட்களின் இறக்குமதி வரி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, போன வாரம் நண்டு வலைக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். "ஏண்ணே, நைலானுக்கு வரியக் குறைச்சு வருசக்கணக்காச்சுன்னு போட்டிருக்கு. நீங்க மட்டும் ஏன் வலை விலையக் குறைக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. கட்டுரையில் வலையையும் கரிம வேதிப்பொருள் பட்டியலில் சேர்த்து எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

வலை கரிம வேதிப்பொருள் அல்ல. வலைக்கான நைலானைச் செய்ய மூலமான காப்ரோலாக்டம் என்ற ரசாயனம்தான் அந்தப் பிரிவு. இறக்குமதி வரிக்காகப் பொருட்களை எண் போட்டுப் பிரித்திருக்கும் சுங்கக் கட்டண அட்டவணையில் அதற்கு 29-வது அத்தியாயம், எண் 293371. தனித்த, வேதியியல் அமைப்பு இன்னதென்று வரையறுக்கப்பட்ட சேர்மங்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த அத்தியாயத்தில் இடம். காப்ரோலாக்டத்தைச் சங்கிலியாகக் கோத்து நைலான் சில்லு ஆக்கிவிட்டால் அது பிளாஸ்டிக்; 39-வது அத்தியாயத்துக்குப் போய்விடும். சில்லை உருக்கி இழையாக இழுத்தால் 54-வது அத்தியாயம். வலையாகப் பின்னி முடித்தால் எண் 5608. தங்கூஸ், அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, அதன் கதை இன்னும் வேடிக்கையானது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் 3916, அதாவது பிளாஸ்டிக். அதற்குள் இருந்தால் பெரும்பாலும் 5404, ஜவுளிக் கணக்கு. என் கடையில் இரண்டு சுருளும் ஒரே ஆணியில்தான் தொங்குகின்றன!

இந்த எண்களின் முதல் ஆறு இலக்கம் சென்னைத் துறைமுகத்திலும் கொழும்பிலும் ஒன்றேதான். எட்டு இலக்கமாக நீட்டி வைத்திருப்பது நம் நாட்டுக் கணக்கு.

சரி, அந்த வரிக்குறைப்பு வந்த 2021-ல் நடந்தது என்ன? அந்த பிப்ரவரி பட்ஜெட்டில் காப்ரோலாக்டம், நைலான் சில்லு, நைலான் இழை, நூல் இவற்றின் அடிப்படைச் சுங்க வரியை 7.5 சதவீதத்திலிருந்து 5 ஆக்கினார்கள். அந்தப் பட்டியலில் வலை இல்லை. அதே உரையில்தான் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவித்தார்கள். எங்கள் பக்கம் அதைப் பேசினோம், நைலானைக் கவனிக்கவில்லை.

வரிக்குறைப்பு போய்ச் சேர்ந்தது ஆலைகளுக்கு. அதில் ஏதாவது வலைக்காரர் கைக்கு வர வேண்டுமென்றால் சில்லு ஆலை, நூல் ஆலை, வலை ஆலை, மொத்த வியாபாரி, அப்புறம் என்னைப் போன்ற கடைக்காரன் என எல்லோரையும் தாண்டி வர வேண்டும். நடுவில் காப்ரோலாக்டத்துக்கு மூலமான பென்சீன் கச்சா எண்ணெயோடு சேர்ந்து ஏறி இறங்கும். எண்ணெய் ஏறினால் இரண்டரை சதவீதம் எங்கே போனதென்றே தெரியாது. நம் நாட்டில் காப்ரோலாக்டம் தயாரிப்பவை குஜராத்திலும் கொச்சியிலும் உள்ள உர நிறுவனங்கள். அதைச் செய்யும்போது கூடவே கிடைக்கும் அமோனியம் சல்பேட் உரமாகிறது. வடகடலில் விடும் வலைக்கும் வயலில் போடும் உரத்துக்கும் ஒரே தொழிற்சாலை என்பது எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

எண்ணைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். வெளியூர் வியாபாரி ஒருவர் நைலான் என்று பில் போட்டுக் கயிறு அனுப்பினார். நுனியில் தீக்குச்சி வைத்தேன். மெழுகுவத்தி அணைந்த வாடை. துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. நைலான் மூழ்கும், பாலிஎத்திலீன் மிதக்கும். இரண்டுக்கும் உட்பிரிவு எண் வேறு, விலையும் வேறு. பில்லில் இருந்த எண்ணைக் காட்டித்தான் சரக்கைத் திருப்பி அனுப்ப முடிந்தது. பார்க்காமல் விற்றிருந்தால், அடியில் கிடக்க வேண்டிய கயிறு மேலே மிதந்து, வாங்கியவருக்கு அன்றைய மீன்பாடு வீணாகியிருக்கும்.

நண்டு வலை நீண்ட நாள் உழைக்காது. நண்டைக் கழற்றும்போதே கண்ணி அறுந்துவிடும். வருடத்துக்குப் பல தடவை வலை வாங்குகிறவருக்கு 'வரி குறைந்தது' என்ற செய்தி வெறும் செய்தி அல்ல; அதை நம்பிக் கடன் கணக்குப் போடுகிறார். அதனால் பட்ஜெட் சமயத்தில் எந்தப் பொருள், எந்த எண், பழைய வரி எவ்வளவு, புதியது எவ்வளவு என்று நான்கு வரி போடுங்கள். தங்கம், செல்போனுக்குக் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். வலைக்கும் தூண்டில் முள்ளுக்கும் ஒரு மூலையில் இடம் கொடுங்கள்.

திருத்தத்தை அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நண்டு வலைக்காரர் ஈயக்குண்டு வாங்க மறுபடி வருவார். என் வாய்ச்சொல்லை விட உங்கள் அச்சைத்தான் நம்புவார்.

இப்படிக்கு,
வலைக் கடைக்காரர், பாம்பன்