எரித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். மகளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது, நான் அதே கழிவு மேலாண்மை வேலையில்தான் இருக்கிறேன். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ரசாயனக் கிடங்கை இப்போது உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சின்னதாக ஒரு எரிஉலை வாங்கி எல்லாவற்றையும் எரித்துவிடலாம் என்று மேலே சொல்கிறார்களாம்.

தயவுசெய்து சம்மதிக்காதே. குளோரின் கலந்த பழைய பூச்சிக்கொல்லிகள் முழுதாக அழிய வேண்டுமென்றால் உலையில் 1,100 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், புகை அந்தச் சூட்டிலேயே குறைந்தது 2 விநாடி நிற்கவும் வேண்டும். அது மட்டும் போதாது. வெளியே வரும் புகை மெதுவாக ஆறினால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு திரும்ப உருவாகும், அதனால் அதைச் சட்டென்று குளிர்வித்து வடிகட்டியாக வேண்டும். இதையெல்லாம் ஒரு சின்ன உலையில் எதிர்பார்க்க முடியாது. டிரம்முக்குள் அடைபட்டிருக்கும் நஞ்சை நாமே ஊருக்குள் பரப்பி, மாட்டுப்பால் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சம். பாதரசம் இன்னும் மோசம், எந்தச் சூட்டிலும் அழியாது, ஆவியாகிப் புகைபோக்கி வழியே போய்விடும்.

எரிப்பதா புதைப்பதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், வளரும் நாடுகளில் பெரும்பாலும் வேலை சறுக்குவதே இந்த இடத்தில்தான். லேபிள் உதிர்ந்திருக்கும், வாங்கியவர் ஓய்வு பெற்றிருப்பார், பதிவேடு கிடைக்காது. மஞ்சள் படிகம் உள்ள பழைய பாட்டில் ஏதாவது கண்ணில் பட்டால், அதுவும் மூடியைச் சுற்றிப் பொடி படிந்திருந்தால், தொடவே தொடாதே. பிக்ரிக் அமிலமாக இருக்கலாம். ஈரமாக இருக்கும்வரை பெரிய பயமில்லை, காய்ந்துவிட்டால் அது வெடிபொருள், மூடியைத் திருகும் உராய்வே போதும். அறையைப் பூட்டிவிட்டு வெடிபொருள் கையாளத் தெரிந்தவர்களைக் கூப்பிடு. இடம் மிச்சமாகும் என்று யாராவது பாட்டில்களை ஒன்றாக ஊற்ற ஆரம்பித்தால் கையைப் பிடித்துத் தடு. சயனைடு உப்பில் அமிலம் பட்டால் வரும் வாயு ஆளைக் கொன்றுவிடும். பிளீச்சில் அமிலம் பட்டால் குளோரின் கிளம்பும். எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்கள் ஒரு பக்கம், தீயை வளர்த்துவிடும் ஆக்சிஜனேற்றிகள் நன்றாகத் தள்ளி இன்னொரு பக்கம். கசியும் டிரம்மை அப்படியே பெரிய டிரம்முக்குள் இறக்கி மூடிவிடலாம். காலி டிரம்மை யாரும் தண்ணீர் பிடிக்க எடுத்துப் போகாதபடி ஓட்டை போட்டுவிடு, இதை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக் குவிந்ததற்கு உன் அலுவலகத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் வெட்டுக்கிளிக்கென்று நன்கொடையாக வந்த பூச்சிக்கொல்லிகூட தேவைக்கு மேல் வந்து, காலாவதியாகி, கிடங்கிலேயே கிடந்தது. கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கவே இல்லை. வேண்டுமென்றே கொண்டுவந்து கொட்டியதும் உண்டு. 1988இல் நைஜீரியாவின் கோகோ ஊரில், மாதம் சுமார் 100 டாலர் வாடகை பேசி, ஒருவருடைய நிலத்தில் இத்தாலியிலிருந்து வந்த நச்சுக் கழிவை ஆயிரக்கணக்கான டிரம்களில் அடுக்கினார்கள். அது வெளியே தெரிந்து பெரிய கொந்தளிப்பானது, அடுத்த வருஷமே பாசல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வாங்கும் நாட்டின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அபாயக் கழிவை அனுப்பக் கூடாது என்று அது சொல்கிறது. அப்படியும் 2006இல், ஆம்ஸ்டர்டாமில் சுத்திகரிப்புக் கட்டணம் அதிகம் என்று கிளம்பிய புரோபோ கோவாலா கப்பலின் கழிவு ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் திறந்தவெளிகளில் கொட்டப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை தேடிப் போனார்கள். அழிக்கும் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் இரண்டு இடத்திலும் நடந்த கதை, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

அதனால் என் யோசனை இதுதான். உலைக்கு ஒதுக்கும் பணத்தைக் கணக்கெடுப்புக்கும் மறுபொதியலுக்கும் கேள். உரிமம் பெற்ற சுத்திகரிப்பு நிலையம் பக்கத்தில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சிமென்ட் ஆலையை விசாரி, அங்கே சிமென்ட்டாக அரைக்கப்படும் கிளிங்கர் 1,450 டிகிரியில் வேகிறது, பல கரைப்பான் கழிவுகளை அங்கே அழிக்கலாம். ஆனால் குளோரின் அளவைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், பாதரசத்தை அனுப்பவே கூடாது. இரண்டுக்கும் சரிப்படாதவற்றை அடைத்து, லேபிள் ஒட்டி, கூரையும் கசிவு தாங்கும் தரையும் உள்ள இடத்தில் வை. பாதுகாப்பாகக் காத்திருப்பதில் தப்பே இல்லை. இனி வாங்கும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும், மிஞ்சினால் விற்றவரே திரும்ப எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல். விலை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

கணக்கெடுத்து முடித்ததும் பட்டியலை எனக்கு அனுப்பு, எது எதோடு சேரக் கூடாது என்று குறித்துத் தருகிறேன். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் உள்ளே போகாதே, தனியாகவும் போகாதே. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்