நெஞ்சுத் தோல் கன்னத்துக்கு வரும்போது

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் திங்கள்கிழமை கிடைத்தது. அண்ணனுக்குக் கன்னத்தில் புற்றுநோய் என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இப்போது ராத்திரி டூட்டி, அதனால்தான் பதில் எழுத நாலு நாள் ஆகிவிட்டது.

"நெஞ்சுத் தோலை வெட்டிக் கன்னத்தில் ஒட்டுவார்களாமே, பிடிக்குமா?" என்று கேட்டிருந்தாய். தொடையிலிருந்து மெல்லிசாகச் சீவி எடுத்து ஒட்டுகிற தோலுக்குச் சொந்த ரத்தம் கிடையாது. போய் ஒட்டுகிற இடம்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். அண்ணனுக்குச் செய்யப்போவது அது இல்லை, ஃபிளாப். மார்புத் தசையையும் அதன் மேலுள்ள தோலையும் சேர்த்தே கிளப்புவார்கள். காறை எலும்புக்கு அடியிலிருந்து அந்தத் தசைக்கு வருகிற ரத்தக்குழாயை அறுக்காமல் காம்பாக விட்டுவைத்து, கழுத்துத் தோலுக்கு அடியில் நுழைத்து, வாய்க்குள் கொண்டுவந்து தைப்பார்கள். கொடியை வேரோடு விட்டுவிட்டு நுனியை மட்டும் அடுத்த பந்தலுக்குத் திருப்புகிற மாதிரிதான்.

1965-ல் பகம்ஜியன் என்ற டாக்டர் எழுதிய முறையில் நெஞ்சின் மேல்பகுதித் தோலைத் திருப்பி வைத்து, சுமார் மூன்று வாரம் கழித்துக் காம்பை வெட்ட இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டது. 1979-ல் அரியான் என்ற டாக்டர் தசையோடு எடுக்கிற முறையை எழுதிய பிறகு, ஒரே ஆபரேஷனில் முடிக்க வழி பிறந்தது. முதுகுத் தசையையும் கேட்டிருந்தாய். அதை 1906-லேயே டான்சினி என்ற டாக்டர் மார்பகம் எடுத்த இடத்தை மூடப் பயன்படுத்திவிட்டார். இன்றும் மார்பகத்தைத் திரும்ப அமைக்க அது நன்றாக உதவுகிறது. முதுகில் நீர் கோத்துக்கொள்வதுதான் அதில் அடிக்கடி வரும் தொல்லை. கன்னத்துக்கு நெஞ்சுதான் பக்கம், ஆளை ஒருக்களித்துப் படுக்கவைக்கவும் வேண்டாம்.

மல்லிகா, ஆபரேஷனுக்கு அப்புறம் வருகிற முதல் சில ராத்திரிகள்தான் முக்கியம். டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்போம். விரலால் மெல்ல அழுத்தினால் வெளுத்து, இரண்டு மூன்று நொடியில் பழைய நிறம் திரும்ப வேண்டும். நீலம் பாரித்தால் ரத்தம் திரும்பிப் போக வழியில்லை என்று அர்த்தம். ஒருமுறை விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவருக்கு அப்படி நிறம் மாறியிருந்தது. பார்த்தால், மூச்சுவிடத் தொண்டையில் போட்டிருந்த குழாயைப் பிடித்திருந்த நாடா கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டு நாடாவைத் தளர்த்தினோம். அரை மணியில் நீலம் வடிந்தது. அதிலிருந்து எந்த வேலைக்கு முன்னாலும் என் கை முதலில் கழுத்துப் பக்கம்தான் போகும். நீயும் பார்த்துக்கொள்: கழுத்தைச் சுற்றி எதுவும் இறுகக் கூடாது, தலையை எந்தப் பக்கம் வைக்கச் சொல்கிறார்களோ அப்படியே இருக்கட்டும்.

நெஞ்சுத் தோல் வாய்க்குள் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும், அதைப் பார்த்துப் பதறாதே. கழுத்தில் ஒரு புடைப்பு இருக்கும், மாதக்கணக்கில் மெல்ல வற்றும். நெஞ்சில் ரோமம் அதிகமென்றால் வாய்க்குள்ளும் முளைக்கும். இதை அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. தெரியாமல் திடீரென்று பார்த்தால் மனசு உடைந்துபோகும். நெஞ்சுத் தசையை எடுப்பதால் தோள்பட்டைப் பயிற்சியை மட்டும் விடவே கூடாது.

ஆபரேஷன் தேதி தெரிந்ததும் சொல். காலை எட்டு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
சாந்தி