சொந்த லேபிள் நடத்தும் ராப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வெறும் பாடகராக இருந்த காலத்தில் உங்களுக்கு என்னவெல்லாம் வலித்தது என்பது உங்கள் வரிகளிலேயே இருக்கிறது. மாஸ்டர் (பாட்டின் மூலப் பதிவு) கைவிட்டுப் போனது, கணக்குக் காட்டாத கம்பெனி, முடிந்துபோன ஆல்பத்தை வெளியிடாமல் இழுத்தடித்தது. அந்தக் கோபத்தில்தான் பாட்டு வெளியிடும் சொந்த நிறுவனத்தை, அதாவது லேபிளை, தொடங்கினீர்கள். இப்போது உங்களிடம் கையெழுத்துப் போட இளம் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் நீங்கள் வைக்கும் ஒப்பந்தத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் பீட், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை, செய்கிறவன். என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள், "அண்ணா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒப்பந்தங்களை ஃபோனில் அனுப்புவார்கள். லேபிளின் பெயர் புதிது, லோகோ புதிது. உள்ளே உள்ள ஷரத்துகள் மட்டும் பெரும்பாலும் பழையவை. மாஸ்டர் உரிமை காலம் முழுக்க லேபிளுக்கு. அடுத்தடுத்த ஆல்பங்கள் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதும் லேபிள்தான். மேடை வருமானத்திலும் டி-ஷர்ட் விற்பனையிலும்கூடப் பங்கு. நீங்கள் எதிலிருந்து தப்பி வந்தீர்களோ, அதையே நகல் எடுத்து நீட்டுகிறீர்கள்.

அட்வான்ஸ் கணக்கை மட்டும் பார்ப்போம். அட்வான்ஸ் 100, ராயல்டி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஒப்பந்தத்தில் அந்த 100 கழிவது மொத்த வருமானத்திலிருந்து அல்ல. பாடியவரின் 20 சதவீதத்திலிருந்து மட்டும். அதாவது பாட்டு 500 சம்பாதித்தால்தான் அவர் கணக்கு நேராகும். அந்த நேரத்தில், மற்ற செலவுகளைத் தள்ளிவைத்துப் பார்த்தால், லேபிளிடம் கொடுத்த 100 போக 400 நிற்கும். பாடியவருக்கு அதுவரை ராயல்டி என்று ஒரு காசு வந்திருக்காது. வீடியோ செலவையும் விளம்பரச் செலவையும் அவர் பேரிலேயே எழுதினால், அந்த நாள் இன்னும் தள்ளிப்போகும். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் மேலேயே போடப்பட்ட கணக்கு.

ராப் வரலாற்றில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் கதை அமெரிக்க ராப்பர் மாஸ்டர் பி-யுடையது. 1990-இல் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் ஒரு இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கியது அவருடைய நோ லிமிட் லேபிள். 1996-இல் பிரயாரிட்டி நிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தம் போட்டபோது மாஸ்டர்களை விட்டுக்கொடுக்கவே இல்லை. 1998-இல் யுனிவர்சல் நிறுவனத்தோடு கை கோத்த நியூ ஆர்லியன்ஸின் கேஷ் மணி லேபிளும் அப்படித்தான், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இந்த இரண்டையும் எத்தனையோ பேர் பாடமாகப் படிக்கிறார்கள், சரி. ஆனால் கேஷ் மணியின் மறுபாதியையும் படிக்க வேண்டும். ராப்பர் ஜுவனைல், பீட் செய்த மேனி ஃப்ரெஷ் என்று அந்த லேபிளைத் தூக்கி நிறுத்தியவர்களே பணத் தகராறில் வெளியேறினார்கள். சிறுவனாக வந்து அங்கேயே வளர்ந்த ராப்பர் லில் வெய்ன் 2015-இல் 5.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். சமரசம் ஆகி, முடங்கிக் கிடந்த அவர் ஆல்பம் வெளிவர 2018 ஆகிவிட்டது. இத்தனைக்கும் கேஷ் மணியை நடத்திய சகோதரர்களில் ஒருவரான பேர்ட்மேனும் ராப்பர்தான்.

"சின்ன லேபிளுக்கு ஏது காசு? பல பாட்டுகள் போட்ட முதலையே எடுப்பதில்லை" என்பீர்கள். நியாயம்தான். நட்டத்தைத் தாங்குகிறவர் நீங்கள், அதை நான் மறுக்கவில்லை. அதற்கும் நேர்மையான வழி உண்டு. முதலில் செலவை எடுத்துக்கொண்டு, லாபத்தைப் பாதிப்பாதியாகப் பிரிக்கும் முறையை எத்தனையோ சுயாதீன லேபிள்கள் வைத்திருக்கின்றன. அதில் உங்கள் முதலும் வந்துசேரும், பாடியவருக்கும் சீக்கிரம் காசு போகும். எது செலவு என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். மாஸ்டரையும் எழுதி வாங்க வேண்டியதில்லை. இத்தனை வருடத்துக்கு என்று உரிமம் வாங்கினால் போதும்.

அப்புறம் என் தரப்பு ஆட்களுக்காக ஒன்று. பீட் செய்தவர், ஹூக் (திரும்பத் திரும்ப வரும் வரி) எழுதியவர், பாடியவர், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ரெக்கார்டிங் முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் நட்பும் போகும், பாட்டும் முடங்கும்.

உங்களைப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளைகள் மைக்கைப் பிடித்தார்கள். பெரிய கம்பெனி நீட்டும் தாளை நாலு பேரிடம் காட்டுவார்கள். நீங்கள் நீட்டினால் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். அதனால் உங்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த ஒப்பந்தத்தில் மாஸ்டர் பாடியவருக்குத் திரும்பும் வருடத்தை எண்ணாலேயே எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, சந்தேகம் வந்தால் ஆடிட்டரை வைத்துப் பார்க்கும் உரிமை, இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு வரச் சொல்லி, அதற்கு இரண்டு வாரம் அவகாசமும் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு பீட் தயாரிப்பாளர்