பாசி பிடித்த படி

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாகப் போகும் பெக்கோ ட்ரெயில் நடைபாதை பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் பாதை, 22 கட்டங்கள், எல்லாம் சரி. ஆனால் படங்களில் ஒன்றிலாவது மழை இருந்திருக்கலாம்.

போன ஐப்பசியில் என் தங்கை மகனோடு அந்தப் பாதையில் நடந்தேன். எனக்கு வயது 61. ஹந்தானையிலிருந்து கலஹா வரை நல்ல வெயில். மறுநாள் லூல்கந்துரவுக்குக் கிளம்பினோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன், ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?

பகல் ஒரு மணிக்குப் பிடித்த மழை விடவேயில்லை. காலையில் ஒன்பது கிலோ இருந்த முதுகுப்பை நனைந்த பிறகு எத்தனை கிலோ என்பது முதுகுக்குத்தான் தெரியும். அட்டை வேறு. ஒரு காலுறையில் மட்டும் மருமகன் பதினொன்று எண்ணினான். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

ஒரு தோட்டத்தில், தேயிலை மலைக்கு நடுவே இறங்கும் கல்படியில் பாசி. கால் வழுக்கி, உட்கார்ந்தபடியே ஐந்தாறு படி போய்விட்டேன். முழங்கால் கிழிந்தது, வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடிக்கலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை.

மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, வெறுங்கால். "சப்பாத்தக் கழட்டுங்க ஐயா, கால பக்கவாட்டுல வச்சு எறங்குங்க" என்று சொல்லி, என் பையையும் வாங்கி மருமகன் தலையில் வைத்துவிட்டார்!

அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில் சுடுதண்ணி வைத்துக் காயத்தைக் கழுவி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார். அட்டை கடித்த இடங்களில் இரத்தம் நிற்காததால் பேப்பரைக் கிழித்து ஒட்டினார். உங்கள் பத்திரிகைதான், விளையாட்டுப் பக்கம். பால் விடாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது தன் இடது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டு கொஞ்சம் கோணி நின்றது.

"எனக்கும் அதே படிதான் தங்கச்சி" என்றேன் விளையாட்டாக.

"அதே படிதாங்கய்யா. ஆடியில விழுந்தேன். அன்னிக்கு அரைப்பேர்தான் போட்டாங்க." அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

எனக்கு ஆறு நாளில் காயம் ஆறிவிட்டது. அந்தத் தோட்டத்தின் பெயரை எழுதினால் அவருக்குத்தான் தொல்லை வரும், அதனால் எழுதவில்லை. படி மொத்தம் அறுபது இருக்கும், அதில் உடைந்தது ஏழெட்டு. ஒரு மேசனும் இரண்டு மூட்டை சீமெந்தும் ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போதும். பாதைக்கு வழிகாட்டிப் பலகை நடுகிறவர்கள் செய்வதா, தோட்டத்தை நடத்துகிறவர்கள் செய்வதா என்று அவர்களே பேசி முடிவு பண்ணட்டும், அடுத்த மழைக்கு முன்னால்.

செய்ய முன்வருகிறவர்கள் உங்கள் மூலம் கேட்டால், எந்தப் படி என்று போட்டோவோடு அனுப்புகிறேன். மருமகன் எடுத்து வைத்திருக்கிறான். நான் விழுந்து கிடப்பதும் அதில் இருக்கிறது, அதை மட்டும் பிரசுரிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வத்தளை